கிளினிக் கொப்பியைச் சுமப்பது யார்?
(றொசல்லயில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

வட்டவளைப் பக்கத்து மழையில் கூட்டம் போட்டால் நாற்காலிதான் கேட்டுக்கொண்டிருக்கும் என்று என்னைப் பயமுறுத்தினார்கள். நாற்காலி போதவில்லை. சந்தோஷம்.

நான் டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற ஜன்னலுக்கு உள்பக்கம் நின்று வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் எந்த நோய்க்கு எந்த மருந்து என்று சொல்ல வரவில்லை. நோயைத் தூக்கிக்கொண்டு நாம் நடக்கிற வழியைப் பற்றித்தான் பேச வந்தேன். அந்த வழியில் எங்கே விழுகிறோம் என்று ஜன்னலுக்கு உள்ளே நின்றவனுக்குக் கொஞ்சம் தெரியும்.

ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். நாற்பத்தைந்து வயது, கொழுந்து எடுக்கிறவர். சில மாதமாக மேடு ஏறும்போது மூச்சு வாங்குகிறது. முதலில் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போகிறார். "நெஞ்செரிச்சல்" என்கிறார், வாய்வு மாத்திரை கிடைக்கிறது. பிறகு ஒருநாள் வட்டவளை ஆஸ்பத்திரி. அங்கே "உடம்பு அசதி" என்கிறார். அங்கிருந்து டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்கோ, கீழே நாவலப்பிட்டி மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ துண்டு எழுதுகிறார்கள். ஈசீஜி எடுக்கிறார்கள். இருதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கக் கண்டிக்குப் போகச் சொல்கிறார்கள். கண்டியில் டாக்டர் கேட்கிறார்: "எப்போதிலிருந்து?" அவர் சொல்கிறார்: "நேத்து ராத்திரி ரொம்ப முடியல." நேற்று இரவு முடியாமல் போனது உண்மைதான். ஆனால் கதை அங்கே தொடங்கவில்லை. டிஸ்பென்சரியில் தொடங்கியது.

இத்தனை இடத்திலும் ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள். டாக்டர் வேறு, தாதி வேறு, கார்ட் வேறு. எல்லா இடத்திலும் இருந்தவர் அந்தப் பெண் ஒருத்திதான். நோயின் முழுக் கதை வேறு யாரிடமும் கிடையாது. அது அவரிடமாவது இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

இல்லையென்றால் அதற்கு அவரைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை. ஒரு பழைய காரணம் உண்டு.

1912ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் என்று ஒன்று வந்தது. தோட்டங்களில் லயங்களைச் சுகாதாரமாக வைத்திருக்க வேண்டும், பிள்ளை பெற்ற தாய்க்கு ஒரு மாதம் சாப்பாடும் இருப்பிடமும் கொடுக்க வேண்டும், அந்த மாதம் வேலை வாங்கக் கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது. நல்ல விஷயங்கள்தான். தோட்டத்தில் யார் யாருக்கு நோய் என்று துரை அறிந்து வைத்திருக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொன்னது. ஆனால் தனக்கு என்ன நோய் என்று நோயாளி அறிந்திருக்க வேண்டும் என்ற நினைப்பு அந்தக் காலத்தில் யாருக்கும் வரவில்லை.

தோட்டத்து டாக்டரய்யா துரையின் ஆள், துரையிடம் சம்பளம் வாங்குகிறவர். இன்று வேலைக்குப் போக முடியுமா, முடியாதா என்று துண்டு எழுதுகிறவர். அவர் முன்னால் நின்ற நம் தாத்தா பாட்டிமாருக்கு வேண்டியது அந்தத் துண்டு, விளக்கம் அல்ல. கேள்வி கேட்டால் "நடிக்கிறாய்" என்ற பேர் வரும். வாயைத் திறக்காமல் மருந்தை வாங்கிக்கொண்டு வந்துவிடும் பழக்கம் அங்கே பிறந்தது. மருந்து கொடுத்தவர்களும் அப்படித்தான் கொடுத்தார்கள். 1916இல் ராக்பெல்லர் நிதியத்தின் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கியது. ஆட்களை வரிசையாக நிறுத்தி மருந்து கொடுத்தார்கள். புழு விழுந்தது. கக்கூஸ் போதுமான அளவு கட்டப்படவில்லை. வெறுங்காலோடு அதே மண்ணில் வேலை. புழு திரும்பவும் ஏறியது. ஏன் ஏறியது என்று விளங்கியிருந்தால் மருந்தோடு கக்கூஸையும் கேட்டிருப்பார்கள்.

இன்றைக்கு நாம் யாரிடமும் துண்டுக்குக் கெஞ்ச வேண்டியதில்லை. அரசாங்க ஆஸ்பத்திரி காசு வாங்காத ஆஸ்பத்திரி. கிளங்கனில் இந்திய உதவியோடு கட்டிய 150 படுக்கை வைத்தியசாலையை 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் வந்து திறந்து வைத்தார். உங்களில் பலர் அன்று அவர் பேசிய நோர்வூட் கூட்டத்துக்கும் போயிருப்பீர்கள். கட்டடம் வந்துவிட்டது. வாய் திறக்காத பழக்கம் மட்டும் போகவில்லை. வைத்தியசாலை வாசலில் செருப்பைக் கழற்றுகிற சிலரை இன்றும் பார்க்கிறேன்.

சரி, வாயைத் திறந்தால் என்ன சொல்வது? ஓபிடியில் டாக்டருக்கு உங்களுக்காகக் கிடைப்பது சில நிமிடங்கள். வெளியே வரிசை ரோட்டு வரை நிற்கிறது. அந்தச் சில நிமிடத்தில் "உடம்பு சரியில்ல" என்று ஆரம்பித்தால் நேரம் அதிலேயே போய்விடும். எப்போது தொடங்கியது, கூடுகிறதா குறைகிறதா, அதனால் எந்த வேலை நின்றுபோனது. இந்த மூன்றும் போதும். மூன்றாவதுதான் ரொம்ப முக்கியம். "மூச்சு வாங்குது" என்று சொல்வதை விட, "போன தீபாவளி வரைக்கும் கூடையோட மேல் ரோட்டு வரைக்கும் நிக்காம ஏறுவேன், இப்ப பாதியில ரெண்டு தரம் உக்கார்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். அதைக் கேட்ட எந்த டாக்டரும் நிமிர்ந்து பார்ப்பார். மேட்டில் எங்கே நிற்கிறீர்கள் என்பது பெரிய ஆஸ்பத்திரியில் ஒருவரை மெஷினில் நடக்கவைத்துப் பார்க்கிற பரிசோதனைக்கு இணை. உங்களுக்கு அது தினமும் நடக்கிறது, காசில்லாமல்.

அடுத்தது கடதாசி. நம் நாட்டில் கிளினிக் கொப்பி நோயாளியின் கையில்தான் இருக்கிறது. இது பெரிய வசதி. ஆனால் கொப்பி முடிந்தால் அடுப்புக்குப் போகிறது. செய்யாதீர்கள். பழைய கொப்பியைப் புதிய கொப்பியோடு நூல் போட்டுக் கட்டுங்கள். வார்ட்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தருகிற டயக்னோசிஸ் கார்டை அதற்குள் வையுங்கள். இன்னொன்று: ஈசீஜி கடதாசியைப் பத்திரப்படுத்துகிறோம் என்று சிலர் டவுனில் கொடுத்து லெமினேட் செய்துகொண்டு வருகிறார்கள். அது சூடு பட்டால் கறுக்கிற கடதாசி. லெமினேட் மெஷினுக்குள் போய் வந்தால் கரிக்கட்டைதான் மிஞ்சும். சும்மா வைத்தாலும் நாளாக நாளாக மங்கும். போட்டோகொப்பி எடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளையின் போனில் படம் எடுத்து வையுங்கள்.

இப்போது என் ஜன்னலுக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், மன்னியுங்கள்.

மருந்து சின்னக் கடதாசி உறையில் வருகிறது. அதன்மேல் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஏதோ கிறுக்கியிருக்கும். வீட்டுக்குப் போவதற்குள் மழையில் நனைந்து மை கரைந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே டின்னில் கொட்டி, வெள்ளை பெரிசு காலையில, சின்னது ராத்திரியில என்று நிறத்தையும் அளவையும் வைத்து விழுங்குகிறோம். அடுத்த மாதம் வேறு கம்பனி மருந்து வந்தால் பெரியது சின்னதாகும், வெள்ளை மஞ்சளாகும். அப்போது என்ன செய்வது?

பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும். மருந்துக்கு இரண்டு பெயர் உண்டு. ஒன்று அதன் சொந்தப் பெயர், மற்றது கம்பனி வைத்த வியாபாரப் பெயர். பிரசருக்கான லோசார்டன் என்ற மருந்தையே எத்தனையோ கம்பனிகள் எத்தனையோ பெயரில் விற்கின்றன. கிளினிக்கில் லோசார்டன் வாங்குகிறவர் இடையில் ஒருநாள் ஹட்டனில் ஒரு டாக்டரைச் சனல் பண்ணுகிறார். கொப்பியைக் காட்டுவதில்லை. "கவர்மென்ட் மருந்து வேற, பிரைவட் மருந்து வேற" என்று ஒரு நினைப்பு. அந்த டாக்டர் கம்பனிப் பெயரில் லோசார்டன் எழுதுகிறார். இரண்டையும் விழுங்கிவிட்டு, மறுநாள் மலைச்சரிவில் தலைசுற்றி விழுந்து என் ஜன்னலுக்கு வந்தவர்கள் உண்டு. இரண்டு உறையையும் மேசைமேல் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இரண்டும் ஒன்றே.

சொந்தப் பெயரில் மருந்து வாங்கினால் நாட்டுக்கும் காசு மிச்சம் என்று சொல்லிச் செய்து காட்டியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக வந்தார். வியாபாரப் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்காமல், மருந்தின் சொந்தப் பெயரைச் சொல்லி உலகச் சந்தையில் விலை கேட்டு வாங்கினார். பெரிய கம்பனிகளுக்கு அது பிடிக்கவில்லை. 1977இல் தென்னமெரிக்காவின் கயானாவில் இறந்துபோனார். பேராதனைப் பல்கலைக்கழகத்து மனிதர். நம் கொப்பியில் இன்று எழுதுகிற பெயருக்குப் பின்னால் அவர் இருக்கிறார். 2022இல் நாட்டில் டொலர் இல்லாமல் ஆஸ்பத்திரி மருந்து தட்டுப்பட்டு "வெளியில எடுங்க" என்று துண்டு கொடுத்த காலத்தில், சொந்தப் பெயரைத் தெரிந்தவர்கள் பார்மசியில் விலை குறைந்த கம்பனி எது என்று கேட்டு வாங்கினார்கள். தெரியாதவர்கள் கையில் கொடுத்ததை வாங்கினார்கள், அல்லது வாங்காமல் விட்டார்கள்.

வாங்காமல் விட்டதைப் பற்றியும் சொல்ல வேண்டும். "பிரசர் பார்த்தாங்க, சரியா இருக்காம். அதான் மாத்திரையை நிப்பாட்டிட்டேன்." இதைக் கேட்காத கிளினிக் நாள் கிடையாது. மாத்திரை குடிப்பதால்தான் அது சரியாக இருக்கிறது. நிறுத்தினால் சத்தம் போடாமல் ஏறும். மூளையில் இரத்தக்குழாய் வெடிக்கிற வரைக்கும் உங்களிடம் சொல்லாது.

அப்புறம் தேத்தண்ணி. நம்மை வாழவைக்கிற தேயிலையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் கர்ப்பிணிகளுக்கும் இரத்தம் குறைந்தவர்களுக்கும் கிளினிக்கில் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையைச் சாயத் தண்ணியோடு விழுங்கினால், தேயிலையில் உள்ள துவர்ப்பு அந்த இரும்பைப் பிடித்துக்கொள்ளும். உடம்பில் பாதிகூடச் சேராது. கூடவே விட்டமின் சி மாத்திரை தருவது இரும்பு உடம்பில் சேர்வதற்காகத்தான். கல்சியம் மாத்திரையை வேறு நேரத்தில் குடிக்கச் சொல்வதும் அதே காரணத்துக்காக. தண்ணீரில் குடியுங்கள். தேத்தண்ணிக்கு ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். மாதக்கணக்காக மாத்திரை குடித்தும் "இரத்தம் ஏறல" என்று தாதியிடம் ஏச்சு வாங்கிய தாய்மாருக்கு இதை யாராவது காரணத்தோடு சொல்லியிருந்தால் ஏச்சு மிச்சமாகியிருக்கும்.

பாஷைக்கு வருகிறேன். 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. 1999இல் நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவுகளை இருமொழிப் பிரிவுகள் என்று பிரகடனம் செய்தார்கள். பிரகடனம் அங்கேயே இருக்கிறது. வார்ட்டில் இரவு பத்து மணிக்குத் தமிழ் தெரிந்த ஒருவர் இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சிங்கள டாக்டர்களில் நம் பாஷையைப் படித்துக்கொண்டு பேசுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு என் கும்பிடு. ஆனால் ஒரு சமூகத்தின் வைத்தியம் தனிப்பட்டவர்களின் நல்ல மனசில் தொங்கக் கூடாது.

அதனால் நாம் என்ன செய்கிறோம்? சிங்களம் படிக்கிற பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட வைத்துக் கூட்டிப் போகிறோம். பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை. அம்மாவின் வெள்ளைப்படுதலைப் பற்றி, மாதப்போக்கைப் பற்றி, அப்பாவின் குடியைப் பற்றி டாக்டர் கேட்கிற கேள்வியை அந்தப் பிள்ளை தமிழில் சொல்ல வேண்டும். அம்மா வெட்கத்தில் பாதியை மறைக்கிறார். பிள்ளை விளங்காமல் மீதியை விடுகிறது. இன்னும் கெட்ட செய்தியாக இருந்தால், கட்டி இருக்கிறது, மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதை முதலில் கேட்கிறவள் அந்தப் பிள்ளை. அதை அம்மாவிடம் சொல்ல வேண்டியவளும் அவளே. இதை நாம் நிறுத்தியே ஆக வேண்டும். பெரியவர்களில் யாருக்காவது சிங்களம் தெரியாமலா இருக்கிறது? கொழும்பில் கடையில் வேலை செய்துவிட்டு வந்தவர்கள் லயத்துக்கு ஒருவர் இருக்கிறார்களே.

ஆஸ்பத்திரிப் படிவத்தில் வைக்கிற கையெழுத்தும் இந்தப் பாஷைப் பிரச்சினையில்தான் வரும். தோட்டப் பெண்களுக்குச் செய்த கருத்தடை ஆப்பரேசன்களில், அவர்களுக்கு விளங்கும்படி சொல்லிச் சம்மதம் வாங்கினார்களா என்று ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பி எழுதியிருக்கிறார்கள். என்ன செய்யப் போகிறார்கள், செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா என்று விளங்காமல் எந்தப் படிவத்திலும் கையெழுத்து வேண்டாம். விளங்கவில்லை என்று சொல்வதில் மரியாதைக் குறைவு இல்லை. சிங்களத்தில் ஒரு வாக்கியம் எல்லோரும் பாடமாக்கிக்கொள்ளுங்கள்: "மட்ட தேருனே நே, தவ பாரக் கியன்ன." எனக்கு விளங்கவில்லை, இன்னொரு தரம் சொல்லுங்கள். சொன்ன பிறகு நீங்கள் விளங்கிக்கொண்டதைத் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். தப்பிருந்தால் அவர்களே திருத்துவார்கள்.

இனிக் காசு. ஆஸ்பத்திரியில் பணம் வாங்குவதில்லை என்றேன். ஆனால் கிளினிக் நாள் என்றால் அன்று பேர் இல்லை, அதாவது அன்றைய சம்பளம் இல்லை. 2024 செப்டெம்பரில் நாட் சம்பளம் 1350 ரூபாய் ஆனது. கண்டிக்கு ஒரு தரம் போய்வந்தால் அந்தப் பேர் போகிறது, துணைக்கு வருகிறவரின் பேரும் போகிறது, பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் போகிறது. அதனால்தான் ஸ்பெஷலிஸ்ட்டிடம் போக எழுதிய துண்டு சாமிப்படத்துக்குப் பின்னால் மாதக்கணக்காக இருக்கிறது. அதைச் சோம்பல் என்று பேசுகிற படித்தவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். தொழிற்சங்கத் தலைவர்கள் சம்பளம் பேசும்போது கிளினிக் நாளைப் பற்றியும் ஒரு வரி பேசட்டும். கொப்பியில் சீல் இருக்கிறது, வேறென்ன சாட்சி வேண்டும்?

அவசர நேரத்துக்கு ஒரு வார்த்தை. குளவி கொட்டினால் கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. பல இடத்தில் கொட்டியிருந்தாலோ, உதடு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, மயக்கம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. நெஞ்சு இறுக்கிக் கை வரைக்கும் வலித்து வியர்த்தால் சோடா வாங்கிக் குடித்து வாய்வு போகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 1990 என்ற இலக்கத்துக்குப் போன் பண்ணிக் கூப்பிடுகிற சுவசெரிய அம்புலன்ஸ் 2016இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கி, 2018க்குப் பிறகு நம் பக்கமும் ஓடுகிறது. காசு வாங்குவதில்லை. ஆனால் லயத்து வாசலுக்கு அம்புலன்ஸ் வராது, ரோடு இல்லை. தோட்டத்துக்கு நாம் சொல்கிற தமிழ்ப் பெயர் அவர்களுக்குத் தெரியாமலும் இருக்கலாம். தோட்டத்தின் ஆங்கிலப் பெயர், டிவிஷன், எந்தச் சந்தியில் நிற்கிறோம் என்பதைச் சொல்லி, சந்தியில் ஒரு ஆளை டோர்ச்சோடு நிறுத்துங்கள்.

கடைசியாக, நோயாளிக்குத் துணை போவதைப் பற்றி ஒரு கதை. அமெரிக்காவில் நியூயோர்க் நகரத்தில் ஹார்லம் என்று கறுப்பின மக்கள் வாழ்ந்த ஏழைப் பகுதி இருந்தது. அங்கே ஹரோல்ட் பிரீமன் என்ற சத்திரசிகிச்சை டாக்டர் இருந்தார். மார்பகப் புற்றுநோயோடு வரும் பெண்கள் நோய் முற்றிய பிறகே வருவதைக் கண்டார். ஐந்து வருடத்துக்கு மேல் பிழைத்தவர்கள் 100க்கு 39 பேர். அவர் குறைந்த செலவில் பரிசோதிக்க ஏற்பாடு செய்தார். 1990இல் அதோடு இன்னொன்றையும் சேர்த்தார். சந்தேகம் என்று தெரிந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் அதே ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்குக் கொடுத்தார். அந்தத் துணைக்கு வைத்தியம் தெரியாது. எந்த ஜன்னலில் எந்தத் துண்டு கொடுக்க வேண்டும், பிள்ளையை யார் பார்ப்பார்கள், அடுத்த திகதி எப்போது, அந்தத் திகதிக்கு ஏன் வரவில்லை என்று பார்ப்பதுதான் வேலை. பிற்காலத்தில் அங்கே ஐந்து வருடம் தாண்டிப் பிழைத்தவர்கள் 100க்கு 70 பேர். பரிசோதனையும் துணையும் சேர்ந்து செய்த வேலை அது. பெரிய ஆஸ்பத்திரிகள் இன்று அதைப் பார்த்துச் சம்பளத்துக்கு ஆள் வைக்கின்றன.

நமக்குச் சம்பளத்துக்கு ஆள் வைக்க வழியில்லை. ஆனால் துணைக்குப் போவது நமக்குப் புதிதா? சாவு வீட்டுக்குக் கூப்பிடாமலே போகிறவர்கள் நாம். கிளினிக்குக்கு மட்டும் ஏன் தனியாக அனுப்புகிறோம்? ஒவ்வொரு டிவிஷனிலும் சிங்களம் தெரிந்த, வாயைக் கட்டத் தெரிந்த பெண் ஒருவர், ஆண் ஒருவர். அடுத்தவர் நோயை லயத்தில் சொல்லித் திரிகிறவர் எவ்வளவு சிங்களம் பேசினாலும் வேண்டாம். அவர்கள் போகிற நாளின் பேருக்கு ஈடாக மரண உதவிச் சங்கத்துச் சந்தாவிலிருந்து ஏதாவது கொடுக்கலாம். செத்த பிறகு கொடுப்பதில் கொஞ்சத்தை முன்னாலே கொடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். குடும்பநல மாதுவிடமும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் கேட்டால் எந்த நாளில் எந்தக் கிளினிக் என்ற விவரத்தை அந்த இருவருக்கும் எழுதித் தருவார்கள். 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை இருக்கிறது. நோய் வருவதற்கு முன்னாலே பார்க்கிற பரிசோதனை என்பதால்தான் யாரும் போவதில்லை. முதல் துணை அதற்கே போகட்டும்.

கொப்பி கொண்டுவரச் சொல்லியிருந்தேன், பலர் கையில் பார்க்கிறேன். அந்தப் பக்கம் இரண்டு மேசை போட்டிருக்கிறோம். ஒன்றில் நான் இருப்பேன், மற்றதில் தாதியம்மா ஒருவர் இருக்கிறார். உங்கள் மாத்திரை ஒவ்வொன்றின் சொந்தப் பெயரையும், எதற்கு, எப்போது என்பதையும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தமிழில் எழுதித் தருகிறோம். மாத்திரை டின்னைக் கொண்டு வந்தவர்கள் முதலில் வாருங்கள். பிள்ளை தூக்கியிருக்கிறவர்கள் வரிசையில் நிற்க வேண்டாம். துணைக்குப் போகச் சம்மதிக்கிறவர்கள் தலைவரிடம் பெயர் கொடுங்கள், உங்கள் டிவிஷனையும் சேர்த்து.